அத்தையின் வாத்துத் தூவிப் பை

“இன்னும் நாறுது,” என்றாள் மனைவி, அடுக்களை வாசலைத் தாண்டி வராமலேயே.

கண்ணாடிக்காரர் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்த ஸ்லீப்பிங் பேக்கில் முகத்தைப் புதைத்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று அவருக்கே தெரியும். போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்ப சக்தியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு காபிக்கும் வெந்நீருக்கும் அவர் கண்ட வித்தியாசம் நிறத்தில் மட்டும்தான்.

இத்தனைக்கும் அவர் மூக்கை நம்பிப் பிழைப்பவர். கடைத்தெருவில் ஒரு கண் டாக்டரம்மாவின் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துவது அவர் வேலை. நீள மூக்கு, சப்பை மூக்கு, பந்து விளையாடி ஒரு பக்கம் சாய்ந்துபோன மூக்கு, எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் அதில் எந்த ஃப்ரேம் நழுவாமல் உட்காரும் என்று சொல்லிவிடுவார். ஊரார் மூக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த மூக்குதான் கண்ணாடியைத் தாங்குவதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது.

“என்ன மாதிரி வாடை? சரியாச் சொல்லு.”

“நாத்தத்துல என்னங்க சரியா சொல்றது? நனைஞ்ச கோழி மாதிரி. நனைஞ்ச கோழியைப் பழைய பெட்டிக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி.”

“கோழி இல்ல. வாத்து.”

“ரொம்ப முக்கியம்!”

“நாள் பூரா வெயில்ல போட்டேனே?”

“அதாங்க எனக்கும் புரியல. கொடியில தொங்கிட்டிருக்கும்போது பக்கத்துல போய்ப் பார்த்தேன். ஒண்ணுமே தெரியல. நீங்க தூக்கிட்டு உள்ள வந்தீங்க, குப்புனு அடிக்குது.”

கண்ணாடிக்காரர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் அவர். “வெளியில காத்து இருக்கு. வாடையை அள்ளிட்டுப் போயிடும். வீட்டுக்குள்ள கதகதப்பு. சூடு பட்டா உள்ள ஒளிஞ்சிருக்கிறது எழும்பி வரும்.”

“வரட்டும். வந்து வெளிய போகட்டும். அம்மா சனிக்கிழமை காலையில வர்றாங்க, ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

வாத்துத் தூவி அடைத்த, குளிரில் உள்ளே புகுந்து படுக்கும் அந்தப் பை அவர் அத்தையுடையது. அத்தை என்றால் மாமியார். நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்தின் அக்கரையில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவார். ஆனால் அதிகம் பேசமாட்டார். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது, “இனிமே மலை கிலைன்னு கிளம்பிடாதீங்க,” என்று மருத்துவர் சொன்னார். “சரி,” என்றார் அத்தை. மறு வாரமே ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறிப் பழக ஆரம்பித்தார். ஊன்றுகோல் போயிற்று. பிறகு முதுகில் மண் மூட்டை வந்தது. இப்போது நான்கு தோழிகளோடு ஒரு பனிமலைக்குக் கிளம்புகிறார். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, மகள் வீட்டில் பையை எடுத்துக்கொண்டு, அப்படியே தோழியின் காரில் ஏறிவிடுவது திட்டம். அந்த மலையின் குளிருக்கு அந்தப் பை ஒன்றுதான் தாங்கும். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றால், அவ்வளவு குளிருக்கான பை உள்ளூர்க் கடையில் கிடைக்காது.

பையை ஒப்படைத்தபோது அத்தை சொன்னது ஒன்றே ஒன்று. “மாப்ள, இதை அமுக்கிச் சுருட்டி வைக்காதீங்க. பெரிய துணிப்பையில தொளதொளன்னு போட்டு வைங்க.”

“சரிங்க அத்தை,” என்றார் கண்ணாடிக்காரர். பால்கனி அலமாரியோ சின்னது. அதனால் அத்தை கிளம்பியதும் பையைச் சுருட்டி, முழங்காலை வைத்து அமுக்கி, அதன் குட்டி உறைக்குள் திணித்து, மேல்தட்டில் ஏற்றிவிட்டார். இப்போது அந்த அலமாரியைத் திறந்தாலே நாறுகிறது என்கிறாள் மனைவி. தான் திணித்ததால்தான் நாறுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அத்தை அவரைக் குறை சொன்னதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. “சரி மாப்ள,” என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். தோற்றவனிடமும் ஜெயித்தவனிடமும் பயிற்சியாளர் ஒரே குரலில் பேசுவது போல. ஒரே ஒரு முறை, போன குளிர்காலத்துக்கு முன்னால், அவர் பைக்கில் வேலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு ஒரு கையில்லாத நீல ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தார். “நெஞ்சுல குளிர் ஏறும். போட்டுக்குங்க.” அதைப் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். மழையானாலும் பனியானாலும் அது இல்லாமல் பைக்கை எடுத்ததில்லை, பால்கனிக்குக்கூடப் போனதில்லை. நனைந்து வரும் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம். ஆகவே, அவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் வந்து, ஜாக்கெட்டைப் பால்கனி அலமாரியின் கொக்கியில் மாட்டிவிடுவார்.

திங்கட்கிழமை வாசனைத் திரவியம் வாங்கினார். ரோஜா மணம். ஒரு குப்பியை முழுசாகப் பையின் மேல் அடித்துவிட்டு மனைவியிடம் கொண்டுபோனார்.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். “இப்ப ரோஜாத் தோட்டத்துல வாத்து செத்துக் கிடக்குது.”

மறுநாள் கடையில் டாக்டரம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். ஊழியர்கள் உடைமைகளை மாட்டி வைக்கும் பின்னறையில் சாக்கடை வாடை வருகிறதாம். பிளம்பர் வந்து எல்லாக் குழாயையும் கழற்றிப் போட்டு, யாரோ தொலைத்த மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்தார். அடைப்பு எதுவும் இல்லை.

“உங்களுக்கு எதுவும் தெரியலையா?” என்றார் டாக்டரம்மா.

“எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே டாக்டரம்மா.”

வீட்டில் வாத்து, கடையில் சாக்கடை. இந்த வருஷம் மூக்கு வேலை செய்கிறவர்களுக்குப் போதாத காலம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பையைக் குளிப்பாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். குளியல் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, துணி சோப்புத் தூளைத் தாராளமாகக் கொட்டி, துணியை மெத்தென்று ஆக்கும் திரவத்தையும் கலந்து, பையை உள்ளே போட்டார்.

பை மூழ்கவில்லை.

அழுத்தினார். ஒரு பக்கம் அமுங்கியது. மறுபக்கம் திமிங்கிலத்தின் முதுகைப் போல எழுந்தது. அந்தப் பக்கம் அழுத்தினால் இந்தப் பக்கம் எழுந்தது. குளிர்காலம் முழுவதும் ஒரு பொட்டலமாக அடங்கிக் கிடந்தது, இப்போது தொட்டியைவிடப் பெரிதாக வளர்ந்து, அவர் பலத்தையெல்லாம் மிதந்தபடியே வேடிக்கை பார்த்தது. கண்ணாடிக்காரர் எரிச்சலை மறந்து சற்று நேரம் வாயைப் பிளந்து நின்றார். உள்ளே எவ்வளவு காற்று! ஒரு படகுக்குப் போதும் போலிருந்தது.

பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதித்தார்.

“என்னங்க பண்றீங்க உள்ள?”

“துவைக்கிறேன்!”

“சத்தம் மல்யுத்தம் மாதிரி இருக்கே!”

அப்போது பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. மனைவி எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, குளியலறை வாசலில் நீட்டினாள். அத்தை.

“மாப்ள, பை எப்படி இருக்கு?”

“குளிச்சிட்டிருக்குங்க அத்தை.”

“என்னது?”

“நான்... நான் குளிச்சிட்டிருக்கேன் அத்தை. பை நல்லா இருக்கு.”

“சரி மாப்ள.”

நுரை போகவே இல்லை. தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகு, ஊறிக் கனத்துக் கிடந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். அங்கேதான் கோட்டை விட்டார். உள்ளே இருந்த ஈரம் மொத்தமும் ஒரே பாரமாகக் கால்மாட்டுக்கு இறங்கியது. ஓரத்துத் தையல் ‘டர்’ரென்று ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்தது. தரையில் விரித்துப் பார்த்தால் திமிங்கிலத்தைக் காணோம். இரண்டு துணிகளுக்கு நடுவே அங்கங்கே களிமண் உருண்டை மாதிரி சில கட்டிகள். மற்ற இடமெல்லாம் வெறும் துணி.

இந்த முறை மனைவி அடுக்களை வாசலில்கூட நிற்கவில்லை. மாடிப்படிக்கே போய்விட்டாள். “இது நிஜமாவே வாத்துப் பண்ணைங்க! முன்னாடி ஒரு வாத்துதான் இருந்துச்சு!”

புதன்கிழமை காலை. கண்ணாடிக்காரர் குளியலறையில் ஸ்டூல் போட்டு, தோற்றுப்போனவராக உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிந்த தையல் ஓரமாக, காய்ந்த இடத்திலிருந்து, வெள்ளையாக ஏதோ ஒன்று தலை நீட்டியது. வெளியே வந்தது. விழவில்லை. அவர் விட்ட மூச்சில் மேலே ஏறியது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, எங்கே இறங்கலாம் என்று யோசிப்பது போல மெல்ல மெல்லச் சரிந்து, அவர் நீட்டிய உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று கண் சொன்னது. கைக்கு எதுவுமே தெரியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்த உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். லென்ஸில் விழுந்த கீறலைப் பார்ப்பதற்கான கருவி.

இங்கே கொஞ்சம் நின்று இதைச் சொல்லியாக வேண்டும். இறகு வேறு, தூவி வேறு. இறகுக்கு நடுவில் தண்டு உண்டு, அது பறக்க. தூவிக்குத் தண்டு கிடையாது. அது குளிர் தாங்க. வாத்தின் நெஞ்சில், வெளி இறகுகளுக்கு அடியில், தோலை ஒட்டி இருப்பது. ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் நூல்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு நூலிலிருந்தும் அதைவிட மெல்லிய நூல்கள். ஊதித் தள்ளும் காட்டுப்பூ விதையைப் போல இருக்கும். ஆனால் அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கம். அந்த நூல்களுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. அசைய வழியில்லாமல் சிக்கிக்கொண்ட காற்று. உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது அந்தக் காற்றுதான். தூவி செய்வதெல்லாம் அதைப் பிடித்து வைப்பது மட்டுமே. பனிமலையில், நட்சத்திரங்களுக்குக் கீழே, ஒரு மனுஷியை உறைந்துபோகாமல் காப்பாற்றப் போவது இந்த ஒன்றுமில்லாததுதான்!

கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஃப்ரேம், திருகு, லென்ஸ் என்று சிறியவற்றோடே வாழ்ந்தவர் அவர். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு வேலைப்பாட்டை அவர் கண்டதில்லை.

“இங்க வாயேன்!” என்று கத்தினார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். உருப்பெருக்கியை அவள் கண்ணில் வைத்தார். அவள் மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது.

“அய்யோ... என்னங்க இது? யாரோ உக்காந்து செஞ்ச மாதிரி இருக்கு.”

“வாத்து செஞ்சது.”

“இதையா நேத்து மிதிச்சீங்க?”

அந்தக் கேள்வி தைத்தது. அதே உருப்பெருக்கியோடு பையின் உள்ளோரத்தில் இருந்த சின்ன லேபிளைத் தேடிப் படித்தார். கடுமையான சோப்பு கூடாது. தூவிக்கு இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையை அது உரித்துவிடும். மெத்தென்று ஆக்கும் திரவம் கூடாது. நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முறுக்கக் கூடாது. ஈரமாக ஒரு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அமுக்கி வைக்கக் கூடாது. செய்யக் கூடாது என்று அதில் இருந்த எல்லாவற்றையும் அவர் ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தார்.

கீழே ஒரு வரி இருந்தது: சரியாகக் காயாத தூவி நாறும், நன்றாகக் காய்ந்த தூவிக்கு வாடை இல்லை.

“நல்லவேளை,” என்றார் மனைவியிடம், “என் ஜாக்கெட்டுக்குள்ளயும் இதேதான் இருக்கு. துவைக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. தோணியிருந்தா அதையும் கெடுத்திருப்பேன்.”

“உங்க ஜாக்கெட்டை விடுங்க. அம்மா பைக்கு வழியப் பாருங்க.”

பார்த்தார். கண்ணாடியின் அரை ஃப்ரேமில் லென்ஸைக் கட்டி நிறுத்தும் மெல்லிய நைலான் நூல் கடையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து, உருப்பெருக்கியும் இடுக்கியுமாக உட்கார்ந்து, பிரிந்த தையலை ஒட்டுத் தெரியாமல் மூடினார். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் தூவிக்கென்றே உள்ள சாதுவான சோப்பு வாங்கினார். விளையாட்டுக் கடையில் புது டென்னிஸ் பந்துகள். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் விடுப்புச் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஈரப் பையை ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் குழந்தையைப் போல முழுசாகத் தாங்கி வைத்து, பைக்கின் பின்னால் கட்டி, காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போனார்.

கடைக்குள் உலர்த்தும் மெஷின்கள் வரிசையாக ஓடி, அனல் அடித்தது. ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவோரம் இருந்த கொக்கியில் மாட்டினார். கதவுக்கு அருகே உட்கார்ந்து மேலங்கிகள் துவைவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல் சமையல்காரர், கூடையை எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் இது, ஆட்டுக்குட்டியா?”

“மாமியாரோடது.”

“அப்ப ஆட்டுக்குட்டி இல்ல,” என்றார் சமையல்காரர் மரியாதையாக.

முன்பக்கம் கதவு உள்ள பெரிய மெஷினில், பழைய சோப்பெல்லாம் போகும்வரை முதலில் வெறும் தண்ணீரில் ஓடவிட்டார். பிறகு புது சோப்பில் மெதுவாக ஒரு சுற்று. பிறகு அலசல், மறுபடி அலசல். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நுரை மெலிந்து மெலிந்து, கடைசியில் தண்ணீர் தெளிந்தது.

சமையல்காரர் எழுந்து உள்பக்கமாக இடம் மாறி உட்கார்ந்தார். “அந்தக் கதவுப் பக்கம் என்னமோ வாடை சார். சாக்கடை அடைச்சிருக்கும்.”

“எங்க கடையிலயும் அதே தொல்லைதான்,” என்றார் கண்ணாடிக்காரர் ஆதரவாக. “மழைக்காலம்.”

இனி உலர்த்துவது. பையை இரண்டு கைகளிலும் ஏந்தி உலர்த்தும் மெஷினுக்குள் விட்டு, டென்னிஸ் பந்துகளையும் போட்டு, சூட்டைக் குறைந்த அளவில் வைத்தார். தொம், தொம், தொம் என்று பந்துகள் உள்ளே குதித்தன.

“பந்து எதுக்கு சார்?”

“கட்டியா ஒட்டிக்கிட்டிருக்கிற தூவியை அடிச்சுப் பிரிக்க. நாம தலகாணியைத் தட்டுவோம்ல, அது மாதிரி. சூடு மட்டும் போதாது, பிரிஞ்சாத்தான் உள்ள காயும்.”

சுற்று முடிந்ததும் எடுத்துத் தடவிப் பார்த்தார். வெளித்துணி நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் விரலை ஓட்டினால் உள்ளே பட்டாணி பட்டாணியாகக் கட்டிகள். ஒவ்வொன்றையும் துணிக்கு மேலேயே உதிர்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார். மறுபடி எடுத்தார், தடவினார், உதிர்த்தார், போட்டார். சமையல்காரரின் மேலங்கிகள் காய்ந்து, மடித்தும் ஆயிற்று. அவர் போகவில்லை.

கடைசிச் சுற்று நின்றது. கண்ணாடிக்காரர் மெஷின் கதவைத் திறந்தார்.

பை தானாக வெளியே வந்தது. பால் பொங்கி வருவதைப் போல, அவசரமில்லாமல், நிற்காமல், கதவு விளிம்பைத் தாண்டி வழிந்தது. மேஜை மேல் கிடத்தினார். தையல் கட்டம் கட்டமாக, கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை, அது மூச்சு இழுப்பது போல எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. துணியும் களிமண்ணுமாகக் கிடந்த அதே பைதானா? கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் துணி மடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“கையை உள்ள விடுங்க,” என்றார் கண்ணாடிக்காரர் தாழ்ந்த குரலில்.

சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டார். “சார்... சூடா இருக்கே. மெஷின் சூடா?”

“இல்ல. கொஞ்சம் ஆறவிட்டுட்டேன். அது உங்க கையோட சூடு. உங்களுக்கே திருப்பித் தருது.”

“என் சூடா?” சமையல்காரர் தன் கையைப் புதிதாகப் பார்த்தார். “இவ்வளவு நாளா இதை வெளியில விட்டுட்டிருந்தேனா?”

“ஒரு உதவி. வாடை இருக்கா பாருங்க. எனக்குத் தெரியாது.”

சமையல்காரர் முழு மரியாதையோடு குனிந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை முகர்ந்தார். “நான் மூக்கை வச்சுப் பிழைக்கிறவன். சொல்றேன் கேளுங்க. இதுல எதுவுமே இல்ல. சுத்தமான காத்து.”

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பையை நனையாமல் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் தளரப் போட்டு, தூறலில் பைக்கை ஓட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை மட்டும் உதறிவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்தார்.

“கண்ணை மூடிக்கோ!”

மனைவி மூடிக்கொண்டாள். சோபாவின் மேல் பையை விரித்தார். “திற.”

திறந்தாள். சோபாவைக் காணோம், அதன் மேல் ஒரு மேகம் படுத்திருந்தது. “என்னங்க... இது நம்ம பையா?” என்று மெதுவாகக் கிட்டே வந்து, விரலால் தொட்டு, அது அமுங்கி மறுபடி எழுவதைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பெருமையோடு இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றார்.

அவள் சிரிப்பு நின்றது. மூக்கு சுருங்கியது.

“சொல்லாத,” என்றார் அவர்.

“நாறுதுங்க.”

“சமையல்காரர் இல்லன்னு சொன்னாரே!”

“அவருக்கு வெங்காயம் உரிச்சு உரிச்சு மூக்கு மரத்துப் போயிருக்கும். அதே வாடைங்க. அதே நனைஞ்ச கோழி.”

“வாத்து,” என்றார் அவர், சுரத்தே இல்லாமல். விளக்கம் எதுவும் வரவில்லை. அவருக்கு விளக்கம் வராமல் போனது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை முழுவதும் பை பால்கனியில் தொங்கியது. சனிக்கிழமை விடிந்ததும் அத்தை வந்துவிட்டார். முதுகில் மூட்டை, காலில் மலையேறும் பூட்ஸ், கழுத்தில் பழைய விசில். வாசலில் நின்றபடியே பூட்ஸின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

“உள்ள வாம்மா,” என்றாள் மகள்.

“நேரமில்ல. அவ கீழ கார் நிறுத்த இடம் தேடிட்டிருக்கா. மாப்ள, பை?”

கண்ணாடிக்காரர் பால்கனிக்குப் போனார். குளிர். அதோடு, அத்தை வந்திருக்கும்போது அத்தை கொடுத்ததைப் போடாமல் நிற்பது எப்படி? ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பையைக் கொடியிலிருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றார்.

அத்தை பையைப் பார்த்தார். கையை வைத்தார். கை அமுங்கியது; எடுத்ததும் பை எழுந்து வந்து மறுபடி கையைத் தொட்டது. அவர் புருவம் உயர்ந்தது.

“புதுசா வாங்கினப்போகூட இப்படி எழும்பல. யார் துவைச்சது?”

“நான்தான் அத்தை.”

“நீங்களா!”

அந்த ஒரு சொல்லுக்காக அவர் இன்னொரு திமிங்கிலத்தையும் குளிப்பாட்டத் தயாராக இருந்தார். ஆனால் அத்தை சோதிப்பவர். பையைத் தொட்டபடியே குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

“ஈர வாடை மாப்ள. உள்ள எங்கயோ ஈரம் இருக்கு. ஈரத் தூவி மேல போனா உறைஞ்சிடும். உறைஞ்சா பையும் இல்ல, நானும் இல்ல.”

“காஞ்சிடுச்சு அத்தை. சத்தியமா. ஒவ்வொரு கட்டியா நானே...”

“சரி மாப்ள.” அதே குரல். தோற்றவனிடமும் ஜெயித்தவனிடமும் பேசும் குரல். ஆனால் அதில் இந்த முறை ஏதோ ஒன்று குறைந்திருந்தது. “நீங்க உங்களால ஆனதைச் செஞ்சிருக்கீங்க. இந்தத் தடவை நான் போகல. அவ்வளவுதானே. முட்டிக்கும் நல்லது.”

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, இறுக்கிக் கட்டிய பூட்ஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். மண் மூட்டையோடு படியேறிய நாளெல்லாம் அந்த முடிச்சில் இருந்தது. கண்ணாடிக்காரருக்குப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“என்னடி, ஷூவைக் கழட்டிட்டிருக்கே? கார் நடுரோட்டுல நிக்குது!”

அத்தையின் தோழி. சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமலேயே கண்டுபிடிப்பவர் என்று அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர்.

“பை ஈரமா இருக்கு. நாறுது. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க.”

“நாறுதா?” தோழி உள்ளே வந்து காற்றை ஒரு முறை இழுத்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடிக்காரர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். வராந்தாவின் அந்தக் கோடிவரை நடந்தார். அங்கே நின்று பைக்குள் தலையையே விட்டார். சற்று நேரம் தலை வெளியே வரவில்லை. பிறகு பையை அங்கேயே கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, கண்ணாடிக்காரரை ஒரு சுற்றுச் சுற்றி நடந்து, அவர் முன்னால் வந்து நின்றார்.

“பையில ஒண்ணுமே இல்லடி, ஷூவைக் கட்டு; மாப்ள, நீங்க போட்டிருக்கிற அந்த ஜாக்கெட்டைக் கழட்டி, பையைத் துவைச்ச மாதிரியே துவைச்சிடுங்க.”